அலிஃப் இருக்க ஐன் எதற்கு?

கேள்வி: மதரஸாவில் ஓதுகிற என் பேரன் அலிஃப், பே, தே என்றுதான் படிக்கிறான். ஆனால் அரபியின் முதல் அகராதிக்கு 'ஐன் நூல்' என்று பேர், அது ஐன் எழுத்தில்தான் தொடங்கும் என்று ஹஜ்ரத் சொன்னாராம். அலிஃபை விட்டுவிட்டு ஐனை முன்னால் வைத்தது யார், எதற்கு?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: வைத்தவர் கலீல் இப்னு அஹ்மத். கி.பி. 718 வாக்கில் ஓமானில் பிறந்து, இராக்கின் பஸ்ராவில் வாழ்ந்தவர். எதற்கு என்று தெரிய, பேரனைக் கூப்பிட்டு அகமது, அலி இரண்டையும் அரபி உச்சரிப்பில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'அ'தான். அரபியில் அகமதுவின் 'அ' சட்டென்று வந்துவிடும், அலியின் 'அ' தொண்டையை இறுக்கிக்கொண்டு வரும், கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாலே தெரியும். அதுதான் ஐன். உமர், ஆயிஷா, ஏன் அரபு என்கிற சொல்லே ஐனில்தான் ஆரம்பிக்கிறது.

கலீல் எழுத்துகளை அவை பிறக்கிற இடத்தை வைத்து அடுக்கினார். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தொண்டையில் தொடங்கி, நாக்கு, பல் என்று முன்னேறி உதட்டுக்கு வருகிறார். அலிஃபின் ஹம்ஸா ஒலியும், அதாவது அகமதுவின் அந்தச் சட்டென்று வருகிற 'அ'வும், தொண்டையடிதான், ஆனால் அது மாறும், சில இடத்தில் விழுந்தே போகும், அதனால் நிலையாக நிற்கிற ஐனுக்கு முதலிடம். நம்முடைய 'அகராதி' அகரத்தால் பேர் பெற்ற மாதிரி அந்த நூல் ஐனால் பேர் பெற்றது.

அப்புறம் அவர் செய்ததுதான் என்னை அசர வைக்கிற வேலை. மூன்று மெய்யை எடுத்தால் 6 விதமாக மாற்றி அடுக்கலாம், நான்கு என்றால் 24, ஐந்து என்றால் 120. ஒவ்வோர் அடுக்கிலும் எது வழக்கில் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தார். க, ல, ம என்று எடுங்கள், உங்கள் தெருவிலேயே இருக்கிற சொற்கள்தான். கலிமா க-ல-ம, கமால் க-ம-ல, மாலிக் ம-ல-க. பேச்சு, நிறைவு, உடையவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள், ஆனால் மெய் அதே மூன்றுதான்! கணக்கு மட்டும் போட்டுவிட்டு உட்காரவில்லை, பாலைவனத்து மக்களிடம் போய்ச் சொல் கேட்டார். நம் பக்கம் ஒருவர் திசையன்விளைப் பனைக்காட்டுக்குப் போய், பனையேறுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாளை, கலயம், பதனீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிற மாதிரி என்று வையுங்கள்.

அவ்வளவு கூர்மையான காது அவருக்கு. அரபி யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவர்தான், கடைத்தெருவில் செம்பு தட்டுகிற ஓசையில்தான் அது பிடிபட்டது என்று ஒரு கதை உண்டு. பஸ்ராவில் நாணல் குடிசையில்தான் இருந்தாராம்.

அகராதியை அவரே முடிக்கவில்லை, மாணவர் லைஸ் முடித்தார் என்பது வழிவழியாக வருகிற செய்தி. சரி, இந்த அடுக்கில் ஒரு சொல்லைத் தேடுவது சிரமம். அதனால் பின்னால் வந்த ஜவ்ஹரி சொல்லின் கடைசி மெய்யை வைத்து அடுக்கினார், 1290-இல் 'லிசானுல் அரப்' என்ற பேரகராதியை முடித்த இப்னு மன்ளூரும் அந்த வழியில்தான் போனார். கலீலின் நூல் பாக்தாதில் 1980-களில் 8 பாகங்களாக அச்சாகியிருக்கிறது. பேரன் கொஞ்சம் வளரட்டும், க-ல-ம பக்கத்தை ஹஜ்ரத்தைக் கொண்டே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.