பற்றரியும் மைக்ரோகிரிட்டும் (ஓர் ஊருக்கென்று தனித்து இயங்கக்கூடிய சிறிய மின் வலையமைப்பு) இருந்தால் ஊருக்கு நம்பகமான மின்சாரம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் பற்றரி என்றதும் பலருக்கும் இரவுக்குச் சேர்த்து வைக்கும் மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. மின்தடையைத் தடுக்கிற விஷயத்தில் அதன் முக்கியமான வேலை முதல் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. நான் யாழ்ப்பாணத்தில் கூரைச் சோலர் பொருத்தும் தொழிலில் இருப்பவன். அதனால் எங்கள் நாட்டு அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டி இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதுதான் தொடக்கம் என்று அறிவித்தார்கள். ஊரெல்லாம் குரங்குப் பேச்சு. என் தொலைபேசியில் வந்த கேள்வி வேறு: “அண்ணை, இப்பிடி வெயில் எறிக்குது, கூரை முழுக்கப் பனல் கிடக்கு, ஏன் எங்கட வீட்டில கரண்ட் இல்லை?”

நியாயமான கேள்வி. பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர். சாதாரண கூரை இன்வேட்டர் தானாக மின்சாரத்தை நடத்தாது. வெளிக்கம்பியில் வரும் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைப் (மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைவதை) பார்த்து அதன் பின்னால் போகும். வெளியில் மின்சாரம் போனால் அதுவும் அந்தக் கணமே நின்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிர் அதில் இருக்கிறது. அதனால்தான் உச்சி வெயிலில் பனல் எல்லாம் சுட்டுக்கொண்டு கிடக்க, இன்வேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, கீழே மின்விசிறி ஓடவில்லை.

சரி, ஒரு குரங்கால் நாடே இருண்டது எப்படி? அனல், நீர் மின் நிலையங்களில் பல தொன் எடையுள்ள இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். எங்காவது பழுது வந்து மின்சாரம் குறைந்தால் அதிர்வெண் விழும், கூட விழுந்தால் மற்ற நிலையங்களும் அணைந்துவிடும். அந்தக் கனமும் வேகமுமே அதிர்வெண்ணைச் சட்டென்று விழவிடாமல் சில விநாடி தாங்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டிவிடலாம். ஞாயிறு பகலில் தேவை குறைவு, வெயில் அதிகம். பெரும் பங்கைச் சோலரே கொடுத்துக்கொண்டிருந்ததால் சுழலும் இயந்திரங்கள் குறைவு. தாங்கிப்பிடிக்க ஆளில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் அணைந்தது. அதை மீண்டும் முழுதாக ஓட்ட நாள் கணக்கானதால், அடுத்தடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது.

இந்த இடத்தில்தான் பற்றரி வேண்டும். தென் அவுஸ்திரேலியாவில் 2016 செப்ரெம்பரில் புயல் கோபுரங்களைச் சாய்த்து மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பற்றரி ஓடத் தொடங்கியது. கொள்ளளவு 129 மெகாவாட் மணி. முழு வேகத்தில் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இது என்னத்துக்குக் காணும் என்று கேட்டவர்கள் உண்டு. அந்த மாதமே, தொலைவில் விக்ரோரியா மாநிலத்தில் 560 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று திடீரென்று நின்றது. அதிர்வெண் 49.8க்கு இறங்கிய அந்தச் சில விநாடிகளில் மற்ற நிலையங்கள் அசைவதற்கு முன்பே இந்தப் பற்றரி 7 மெகாவாட் அளவுக்குக் கொடுத்துவிட்டது. சிறிய அளவுதான், ஆனால் அந்த வேகம் எந்த இயந்திரத்துக்கும் வராது.

மைக்ரோகிரிட்டிலும் இதே கதைதான். எங்கள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றையும் எடுங்கள். டீசல் ஜெனரேட்டரை நம்பிய தீவுகள், டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே வெறும் பனலை மட்டும் கூட்டினால் ஜெனரேட்டரை நிறுத்த முடியாது. 50 ஹேர்ட்ஸைப் பிடித்து வைத்திருப்பதே அதுதானே! வெயில் மிஞ்சிக் கிடந்தாலும் அது குறைந்த சுமையில் புகைந்துகொண்டே டீசலைக் குடிக்கும். அதிர்வெண்ணைத் தானே உருவாக்கும் இன்வேட்டரும் பற்றரியும் வந்தால்தான் ஜெனரேட்டருக்கு ஓய்வு.

இந்த மூன்று தீவுகளுக்கும் முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த திட்டம் இந்தியாவின் ஆட்சேபனையால் நின்றது. பிறகு இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடை தர, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது: சோலர் 1700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், பற்றரி 2400 கிலோவாட் மணி, அவசரத்துக்கு 2500 கிலோவாட் டீசல். சோலரும் காற்றும் ஒன்றாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சோழகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தீவுகளில் இரவிலும் காற்று விடாது, அப்போது பற்றரிக்கு வேலை குறையும். கார்த்திகை மழைக்கு நாள் கணக்காக வானம் மூடிக் கிடக்கும்போதுதான் சோதனை. நல்ல வெயில் நாளில் 1700 கிலோவாட் சோலர் ஏறக்குறைய 7000 யூனிற் (கிலோவாட் மணி) தரும் என்பது என் கணக்கு. பற்றரி கொள்வது 2400. ஆகவே டீசல் முற்றாக ஒழியாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவின் பீகாரில் தர்னாய் என்ற கிராமத்தில் கிரீன்பீஸ் அமைப்பு 2014இல் 100 கிலோவாட் சோலர் மைக்ரோகிரிட் அமைத்தது. நாடெங்கும் பேசினார்கள். பிறகு அரசின் மின்சாரம் மலிவாக வந்தது, பற்றரிகளும் கெட்டன, மாற்ற ஆளில்லை. கடைசியில் அந்த இடம் மாட்டுத் தொழுவமானது. நினைத்தாலே வயிறு எரிகிறது. அதனால் உங்கள் ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால், திறப்பு விழாத் திகதியைக் கேட்பதற்கு முன் பத்தாம் ஆண்டில் பற்றரி மாற்றும் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது, பழுதானால் யார் வருவார்கள் என்று கேளுங்கள்.

வீட்டுக்கு மட்டும் வேண்டுமென்றால், வெளி மின்சாரம் போனாலும் பற்றரியை வைத்து வீட்டை ஓட்டும் ஹைபிரிட் இன்வேட்டரும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியும் எடுங்கள். லெட் அசிட் (ஈய அமில) பற்றரியை விட விலை கூட, ஆனால் பல மடங்கு நாள் உழைக்கும். வெயில் படாத, காற்றோட்டமான சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். காசு கொடுக்க முன், பொருத்துகிறவரை வைத்தே மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். ஃபிரிட்ஜும் மின்விசிறியும் நிற்காமல் ஓட வேண்டும்.