பல்லுக்குக் கம்பி: பணம் எங்கிருந்து வரும்? வாசகர் கேள்விகள்

மகளுக்கு எத்துப்பல். "பல் சிகிச்சையும் சேர்த்துத்தான்" என்று சொல்லி முகவர் ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தார். இப்போது கம்பி போடக் கேட்டால் கிடையாது என்கிறது நிறுவனம். வாதாடிப் பார்க்கலாமா?
*– வாசகி, மன்னார்குடி*

முகவர் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால் பணம் தரும் வகை. "விபத்தால் ஏற்பட்ட பல் சிகிச்சை" என்று ஒரு வரி அதில் இருக்கும். அதைத்தான் "பல்லும் உண்டு" என்று சொல்லியிருப்பார். எத்துப்பல்லுக்குக் கம்பி போடுவது வெளிநோயாளி சிகிச்சை. போதாக்குறைக்கு, அழகுக்காகச் செய்வது என்று சொல்லியும் தள்ளிவிடுவார்கள். அழகு சிகிச்சைக்கான விலக்கு எல்லா பாலிசியிலும் 'எக்ஸ்க்ளூஷன் 08' என்ற ஒரே எண்ணில் இருக்கும். உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். காப்பு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி வந்துவிடும். 30 நாள் தாண்டிவிட்டால், முகவர் எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ சொன்னதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பிச் செலவையே கேட்டுப் போராடினால் ஜெயிப்பது கடினம். தவறாகச் சொல்லி விற்றதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியத்துக்கு 'ஓ.பி.டி.' (வெளிநோயாளி சிகிச்சை) காப்பு உண்டு. அதிலும் பல் பிடுங்குதல், வேர் சிகிச்சை, எக்ஸ்ரே என்று எழுதிவிட்டுக் கம்பியை மட்டும் விலக்கியிருப்பார்கள். அப்படியானால் பிடுங்கியதற்கும் எக்ஸ்ரேவுக்கும் தனி பில் வாங்கி அந்தத் தொகையை மட்டும் கேட்கலாம். கம்பிப் பணத்தை 'வேர் சிகிச்சை' என்று பில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மோசடி. பின்னால் பெரிய நோய்க்கு வேண்டிய பாலிசியே ரத்தாகிவிடும்.

பையன் சைக்கிளில் விழுந்து முன்பல் இரண்டு உள்ளே போய்விட்டது. கம்பி கட்டித்தான் இழுக்க வேண்டுமாம். இதற்காவது காப்பீடு வருமா?
*– வாசகர், வேதாரண்யம்*

இங்கே வழி இருக்கிறது. விபத்தன்றே அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். அன்றைய எக்ஸ்ரேயும், 'அடிபட்டதால் பல் இடம் பெயர்ந்தது, அதைச் சரிசெய்யவே கம்பி' என்ற மருத்துவரின் குறிப்பும் வேண்டும். உங்கள் பாலிசி 24 மணி நேரம் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்கிறது என்றால் வெளிநோயாளியாகச் செய்ததற்கு வராது. முன்பே இருந்த கோணல் பல்லையும் அதே கம்பியில் சேர்த்துச் சரிசெய்தால் க்ளைம் அங்கேயே நின்றுவிடும். அடிபட்ட பல்லுக்கான மதிப்பீட்டைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

ஒரு க்ளினிக்கில் 28,000 என்கிறார்கள், இன்னொன்றில் 42,000. இரண்டும் ஒரே உலோகக் கம்பிதான். எதில் போடுவது?
*– வாசகி, கும்பகோணம்*

இரண்டு தொகைக்கும் உள்ளே என்னென்ன அடக்கம் என்று கேட்காமல் ஒப்பிட முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். 28,000-இல் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டு), கம்பி, மாத வருகை மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.ஜி. (எல்லாப் பல்லும் ஒன்றாகத் தெரிவது), பக்கவாட்டு செஃபலோகிராம் (தலையைப் பக்கவாட்டில் எடுப்பது) எக்ஸ்ரே இரண்டும் 1,000. பல் சுத்தம் செய்ய 1,000. இடம் போதாமல் முன்கடைவாய்ப்பல் நான்கைப் பிடுங்க, பல்லுக்கு 800 வீதம் 3,200. கழன்ற பிராக்கெட் ஒட்ட, ஒன்றுக்கு 300 வீதம் ஆறு தடவைக்கு 1,800. கடைசியில், சரியான பல் திரும்ப நகராமல் பிடிக்கும் ரிடெய்னர் மேலும் கீழும் 5,000. ஆக 40,000 ஆகிவிட்டது. எத்து அதிகம், எலும்பில் குட்டித் திருகாணி இரண்டு போட வேண்டும் என்றால், ஒன்றுக்கு 3,000 வீதம் 46,000-ஐத் தொடும். எல்லாம் அடங்கிய 42,000 அப்போது மலிவாகிவிடுகிறது.

ஆகவே இரண்டு இடத்திலும் மேற்சொன்ன ஒவ்வொன்றையும் அடக்கமா இல்லையா என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். கூடவே: கழன்ற பிராக்கெட் எத்தனை வரை இலவசம்? 24 மாதம் தாண்டினால் மாதக் கட்டணம் தொடருமா? பிள்ளை பிளஸ் டூ முடித்து சென்னை விடுதிக்குப் போனால் பாதியில் கணக்கு எப்படி முடிப்பது? எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் இந்தக் கடைசிக் கேள்வியே வராது.

நம் ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்.டி.எஸ். ஆர்த்தோ (கம்பி சிகிச்சைக்கான மேற்படிப்பு) முடித்தவர் பல க்ளினிக்குகளுக்கு மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் வெளியூரிலிருந்து வருவார். இடையில் கம்பி கன்னத்தைக் குத்தினால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். அங்கேயே இருக்கும் பல் மருத்துவர் கம்பி நுனியை வெட்டிவிடுவார் என்றால் போதும்.

பிராக்கெட் கழல்வது பெரும்பாலும் சாப்பாட்டால்தான். பொங்கல் கரும்பு, கிருஷ்ண ஜயந்தி சீடை, முறுக்கு, கடலை மிட்டாய், கடித்துத் தின்னும் கொய்யா. ஒரு பிராக்கெட் கழன்றதைச் சொல்லாமல் மூன்று வாரம் விட்டால் அந்தப் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். அந்த ஒட்டுக் கூலியைவிட, சிகிச்சை ஒரு மாதம் தள்ளிப்போவதுதான் நஷ்டம்.

நெல் விவசாயம். மொத்தம் 48,000 என்கிறார்கள். 'வட்டியில்லா தவணை' என்று ஒரு நிதி நிறுவனத்தின் பாரத்தை நீட்டுகிறார்கள். நகையை வைப்பதா, அதை எடுப்பதா?
*– வாசகர், பாபநாசம்*

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கம்பி சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை, ஒன்றரை முதல் இரண்டு வருடம். பணமும் அப்படியே போகலாம். க்ளினிக்கிடமே நேரடித் தவணை பேசுங்கள்.

சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காசு கணக்கில் ஏறியதும், மாசியில் கம்பி ஒட்டும் நாளன்று 15,000. பங்குனி முதல் புரட்டாசி வரை மாதம் 1,000 வீதம் 7,000. குறுவை முடிந்து ஐப்பசியில் 8,000. கார்த்திகை, மார்கழி, தையில் 3,000. அடுத்த மாசியில் 10,000. மீதி 5,000 கம்பி கழற்றி ரிடெய்னர் வாங்கும் நாளில். மொத்தம் 48,000. கடைசி 5,000-ஐ ரிடெய்னர் கைக்கு வரும் வரை நிறுத்தி வைப்பது முக்கியம். ரசீது மாதா மாதம் வேண்டும்.

'வட்டியில்லா தவணை'யில் வட்டியை நிதி நிறுவனம் க்ளினிக்கிடம் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் "ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறைக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உங்கள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள். 'வட்டி 12 சதவீதம்தான்' என்று சொன்னால், அசல் குறையக் குறைய வட்டி குறைகிறதா, முழு அசலுக்கும் கடைசி வரை போடுகிறார்களா என்று கேளுங்கள். 40,000-க்கு ஒரு வருடம் முழு அசலுக்கும் 12 சதவீதம் என்றால் வட்டி 4,800, மாதத் தவணை 3,733. குறையும் அசலில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21.5 சதவீத வட்டி. கையெழுத்துக்கு முன் தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் இந்த ஆண்டு விகிதம் இருக்கும்.

இந்தக் கடனில் இன்னொரு முள்ளும் உண்டு. பணம் முழுவதும் முதல் நாளே க்ளினிக்குக்குப் போய்விடும், கடன் மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அலைனர் (கம்பிக்குப் பதில் மாட்டிக் கழற்றும் பல் உறை) நிறுவனம் 2023 டிசம்பரில் மூடியபோது, தவணையில் சேர்ந்தவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றே அறிவித்தது. தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியில் ஒரு மாதம் கணக்கில் காசில்லாவிட்டால் வங்கியும் நிதி நிறுவனமும் தனித்தனியே அபராதம் போடும். அறுவடைக் காசு வருடத்தில் இரண்டு தடவை வரும் வீட்டுக்கு இது சரிப்படாது.

நகைக்கடன்? ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 40,000-க்கு 8 மாத வட்டி 2,667. க்ளினிக் தவணைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்ததாக இதுவே மேல். ஆனால் முழுத் தொகைக்கு வைக்காதீர்கள், முதல் 15,000-க்கு மட்டும் வையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் கம்பி போடலாமா?
*– வாசகி, மயிலாடுதுறை*

எத்துப்பல்லுக்கு வராது. உங்களுக்குப் பக்கத்திலேயே சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆர்த்தோ பிரிவும் உண்டு. தஞ்சாவூர் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. சிதம்பரத்தில் பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவர்தான் பேராசிரியர் பார்வையில் செய்வார், அதில் குறை ஒன்றுமில்லை. அவர் படிப்பை முடித்துப் போகும்போது அடுத்தவர் கையில் மாறும். கேஸ் ஷீட் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலை நாளில் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு தடவைக்கு இருவர் பயணம் 100, வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி 500 என்றால் 24 தடவைக்கு 14,400.

பிள்ளைக்கு உதட்டுப்பிளவோ அண்ணப்பிளவோ இருந்தால் கதை வேறு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், அறுவை சிகிச்சைக்கு இலவசமாக அனுப்புவார்கள். ஈறுப் பிளவுக்கு எலும்பு வைப்பதை கோரைப்பல் முளைக்கும் முன், பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள் செய்ய வேண்டும். கம்பி வேலை அதற்கும் முன்னால் தொடங்கும். "வயசுக்கு வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவில். அங்கே 6,000 டாலர் கேட்கிறார்களாம். கோடை விடுமுறைக்கு வரும்போது இங்கேயே கம்பி போட்டு அனுப்பலாமா?
*– வாசகர், திருவையாறு*

வேண்டாம் ஐயா. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கம்பியை மாற்ற வேண்டும், விடுமுறையோ இரண்டரை மாதம். அங்குள்ள மருத்துவர்கள் இன்னொருவர் ஒட்டிய பிராக்கெட்டைத் தொடர விரும்புவதில்லை, கழற்றிவிட்டுத் தங்களுடையதை ஒட்டுவார்கள். இங்கே கட்டிய பணம் வீண்.

மகளிடம் அலுவலக பல் காப்பீட்டில் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்த்தோவுக்கு எத்தனை சதவீதம் (பெரும்பாலும் 50)? வாழ்நாள் உச்சவரம்பு எவ்வளவு (1,000 முதல் 2,000 டாலர் சாதாரணம், ஆண்டுதோறும் புதுப்பிக்காது)? சேர்ந்தபின் காத்திருப்புக் காலம் உண்டா? வயது வரம்பு 19-ஆ? அந்தப் பணமும் ஒரே தடவையில் வராது, சிகிச்சை நடக்கும் மாதங்களில் பிரித்து வரும். நடுவில் வேலை மாறினால் மீதி நின்றுவிடலாம். வேலை மாறும் எண்ணம் இருந்தால் புதுக் காப்பீடு நடப்பில் உள்ள சிகிச்சையை ஏற்குமா என்று முன்பே கேட்க வேண்டும். அலுவலகத்தில் எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்குச் சம்பளத்தில் ஒதுக்கும்) கணக்கு இருந்தால் 2026-க்கு 3,400 டாலர் வரை வரிக்கு முன் ஒதுக்கி, முன்பணம் கட்டிய ஆண்டிலேயே கேட்டு வாங்கலாம். கம்பி ஒட்டும் முன், டி8080 (வளரிளம் பருவத்தினரின் முழுக் கம்பி சிகிச்சை) என்ற குறியீட்டைப் போட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்மதிப்பீடு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நிறுவனம் எவ்வளவு தரும், மகள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் பதில் வரும். அது வந்தபின் ஒட்டினால் போதும்.