மூன்று பேருக்கு ஒரே கப்பல் அறை: மூன்றாமவர் எங்கே படுப்பார்?

கேள்வி: நானும் என் கணவரும் 68 வயதான என் அம்மாவும் ஏழு இரவுகள் கொண்ட சொகுசுக் கப்பல் பயணம் போக இருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. "பால்கனி கேபின், மூன்று பேருக்குத் தாராளம், சோஃபாவை விரித்தால் படுக்கை ஆகிவிடும்" என்கிறார் ஏஜென்ட். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார். ஒரே அறை போதுமா, இரண்டு எடுக்கலாமா?

பதில்: முன்பணத்தை இன்னும் கட்டாதீர்கள். அதற்கு முன் ஏஜென்டிடம் இரண்டே விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். அறை எண் என்ன? அந்த அறையில் மூன்றாவது படுக்கை எது? "பால்கனி கேபின்" என்பது இதற்குப் பதில் ஆகாது. அது ஒரு விலைப் பிரிவின் பெயர், அவ்வளவுதான். ஒரே பிரிவில், ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருக்கும் அறைகளில்கூட ஒன்றில் சோஃபா விரியும், இன்னொன்றில் சுவரிலிருந்து அப்பர் பெர்த் இறங்கும், மூன்றாவதில் இரண்டு பேருக்கு மேல் அனுமதியே இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது அறை எண்ணை, பிரிவை அல்ல.

பெரும்பாலான கப்பல் அறைகளில் அடிப்படையாக இருப்பவை இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்துப் போட்டால் தம்பதிக்கான இரட்டைக் கட்டில், பிரித்தால் தனித்தனி. மூன்றாமவருக்கான இடம் இவற்றோடு ஒட்டவைத்ததுதான். அது அப்பர் பெர்த்தாக இருந்தால் உங்கள் குடும்பத்துக்கு ஆகாது. பகலில் சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ மடிந்திருக்கும். இரவில் இறக்கி, ஏறக்குறைய செங்குத்தான ஏணியை மாட்டுவார்கள். கப்பல் ஆடும் இரவில் தூக்கக் கலக்கத்தோடு அதில் இறங்கிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்காரரை அதில் ஏற்றக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாமல் போகக்கூடியது வேறு: பல அறைகளில் அந்த பெர்த் கீழ்க் கட்டில் ஒன்றுக்கு நேர் மேலே இறங்குவதால், கீழ்க் கட்டில்கள் இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. கீழே படுப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். இதை முன்பதிவின்போது யாரும் சொல்வதில்லை.

சோஃபா பரவாயில்லை. ஆனால் சோஃபாவிலும் ஒற்றை உண்டு, இரட்டை உண்டு. ஒற்றைச் சோஃபா நீளத்தில் குறையலாம். மெத்தை மெல்லியது, அடியில் இருக்கும் கம்பி முதுகில் தெரியும். அதைவிட முக்கியம், உயரம் குறைவு. தாழ்ந்த படுக்கையிலிருந்து எழுவதுதான் முழங்காலுக்குக் கடினம். ஆகவே ஒரே அறை என்று முடிவு செய்தால் அம்மாவுக்குச் சோஃபாவைக் கொடுக்காதீர்கள். கீழ்க் கட்டில்களைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒன்றில் அம்மா, மற்றதில் உங்களில் ஒருவர், சோஃபாவில் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பதிக்கு இது வசதிக் குறைவுதான். "மூன்று பேருக்குத் தாராளம்" என்று விற்பவர் சொல்லாமல் விட்ட உண்மையும் இதுதான். சோஃபாவின் மேல் போட இன்னொரு மெல்லிய மெத்தை வேண்டும் என்பதை ஏறிய முதல் நாள் மதியமே அறைப் பணியாளரிடம் சொல்லுங்கள். அவற்றின் எண்ணிக்கை குறைவு, முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். பல நிறுவனங்கள் இப்போது ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அறையைச் சீர் செய்கின்றன. சோஃபாவைக் காலையில் மடித்து இரவில் விரிப்பது உங்கள் வேலையாகிவிடலாம் என்பதால், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தரை. ஜன்னல் இல்லாத உள்ளறை சுமார் 150 முதல் 185 சதுர அடி. வழக்கமான பால்கனி அறையின் உட்பகுதி 170 முதல் 200 சதுர அடி. வித்தியாசம் பெரிதில்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரத் தாளில் பெரிய எண் தெரிந்தால் பால்கனியின் பரப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். பால்கனியில் யாரும் படுக்க முடியாது, பெட்டியும் வைக்க முடியாது. சோஃபாவை விரித்த பிறகு மேசையை ஓரங்கட்ட வேண்டியிருக்கும், பால்கனிக் கதவுக்குப் போகும் வழி ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குச் சுருங்கும். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். சோஃபாவுக்கு அடியில் போகாது. மூவருக்கு மூன்று பெரிய பெட்டி என்றால் ஒன்று நடைவழியிலேயே நிற்கும். மடங்கும் துணிப்பை கொண்டுபோவது நல்லது.

குளியலறை ஒன்றுதான். ஷவர் பகுதி சிறியது, வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க உயர்ந்த படி இருக்கும். அம்மா அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும், எனவே உள்ளே கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில் பெரும்பாலான அறைகளில் கழிப்பறை தனி, குளியல் தனி என்று பிரித்திருக்கிறார்கள். மூன்று பேர் காலையில் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அதன் அருமை தெரியும். மற்ற இடங்களில் முறை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது பலரையும் குழப்பும் விஷயம். இணையத்தில் இரண்டு பேர் என்று தேடினால் அறைகள் நிறைய இருக்கும். மூன்று பேர் என்றால் மறைந்துவிடும். "முதலில் இரண்டு பேருக்குப் போடுவோம், அப்புறம் மூன்றாவது பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கப்பல் எத்தனை பேரை ஏற்றலாம் என்பது அதன் பாதுகாப்புச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் வரும் சான்றிதழ் அது. ஒவ்வொரு பகுதியின் பயணிகளுக்கும் ஆபத்து நேரத்தில் கூடும் இடமும் உயிர்காப்புப் படகும் ஒதுக்கப்பட்டிருக்கும். அறைக்கு இரண்டு பேர் இருந்தாலே கப்பல் 100 சதவீதம் நிரம்பியது என்பது இந்தத் தொழிலின் கணக்கு. மூன்றாம் நான்காம் பயணிகளால் அது 100-ஐத் தாண்டும். அந்தப் பகுதியின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால், உங்கள் அறையில் சோஃபா காலியாகக் கிடந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் மூவர் அறைகள் முதலில் தீர்ந்துபோவது இதனால்தான். மூன்று பெயர்களும் முதல் நாளே பதிவில் இருக்க வேண்டும்.

இதில் கைக்குழந்தைக்கு விலக்கு உண்டு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் வீட்டில் குழந்தை இல்லை. ஆனாலும் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விலக்கு கிடையாது. விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போவது போல இங்கே முடியாது. எட்டு மாதக் குழந்தையும் ஓர் ஆள். அதற்கும் உயிர்காப்பு உடை வேண்டும், படகில் இடம் வேண்டும். தொட்டிலில் தூங்கினாலும், அம்மாவின் பக்கத்தில் தூங்கினாலும், அறை மூன்று பேருக்கு அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். "குழந்தைதானே, ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு பேருக்கான அறையை விற்கும் ஏஜென்ட், அந்தக் குடும்பத்தைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுகிறார். கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போகும். பணமும் திரும்பாது. குழந்தைக்குக் குறைந்தபட்ச வயதும் உண்டு: பெரும்பாலும் ஆறு மாதம், பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் பல நிறுவனங்கள் பன்னிரண்டு மாதம் கேட்கின்றன. அந்த வயது புறப்படும் நாளில் நிறைந்திருக்க வேண்டும், பதிவு செய்யும் நாளில் அல்ல.

உங்கள் விஷயத்தில் நான் மிகவும் பயப்படுவது "கியாரண்டி" என்ற சொல்லுக்கு. ரசீதில் அறை எண்ணுக்குப் பதிலாக ஜி.டி.ஒய். என்ற எழுத்துகள் இருந்தால், அறையை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கப்பல் நிறுவனம் தன் வசதிக்கு ஒதுக்கும் என்று பொருள். அந்தப் பிரிவு அல்லது அதைவிட மேலானது கிடைக்கும், அது மட்டும்தான் உத்தரவாதம். இடம், படுக்கை வகை எதற்கும் உத்தரவாதம் இல்லை. அப்பர் பெர்த் வந்தால் அதுதான் உங்கள் விதி. புறப்படச் சில நாட்களே இருக்கும்போதுகூட எண் தெரியவரலாம். தனியாகவோ ஜோடியாகவோ போகும் இளைஞர்களுக்கு இது மலிவான நல்ல வழி. உங்களுக்கு அல்ல. ஆனால் விலை குறைவாகத் தெரிவதால் ஏஜென்டுகள் முதலில் காட்டுவது இதைத்தான், அதன் பொருளை விளக்காமலே.

"மூன்றாமவருக்கு இலவசம்" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். இலவசமாவது அடிப்படைக் கட்டணம் மட்டும். துறைமுகக் கட்டணம், வரி, ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று வரும் பணியாளர் டிப்ஸ் எல்லாம் மூன்றாமவருக்கும் முழுசாக உண்டு. மூவருக்கும் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையைக் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. முதல் இரண்டு பேர்தான் முழுக் கட்டணப் பயணிகள். அவர்களில் ஒருவர் விலகினால் மூன்றாமவர் இரண்டாம் இடத்துக்கு நகர்வார், சலுகை போய்விடும். வரலாமா வேண்டாமா என்று தயங்குபவர் யாரோ அவர் பெயரை மூன்றாவதாகப் போடுங்கள்.

"அறை சின்னதாக இருந்தால் கப்பலில் கூடுதல் கட்டில் போட்டுத் தருவார்கள்" என்றும் சொல்வார்கள். தரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு, வெளியேறும் வழி சம்பந்தமான விதிகள் உள்ள இடம் அது, அனுமதித்த படுக்கைகள்தான்.

இரண்டு அறைகள் எடுக்கலாமா என்றால், பணம் இடம் கொடுத்தால் எடுங்கள். உங்களுக்கு அதுவே நல்லது. சிக்கல் என்னவென்றால், ஓர் ஆள் தனி அறை எடுத்தாலும் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தை, அல்லது அதற்கு அருகில், வாங்கிவிடுவார்கள். மூத்தவர்களும் தனியாளர்களும் இத்தனை பேர் பயணம் செய்யும் காலத்திலும் இதை மாற்றாமல் வைத்திருப்பது நியாயமே இல்லை. நார்வீஜியன் எபிக் கப்பல் 2010-இல் தனியாளுக்கென்றே சுமார் 100 சதுர அடி அறைகளோடு வந்தது. பிறகு வேறு சில கப்பல்களிலும் வந்தன. ஆனால் அவை கப்பலின் வேறு மூலையில் இருந்தால் அம்மாவைத் தனியே விட்டது போலாகும். அதற்குப் பதில், இடையில் கதவு உள்ள இரண்டு உள்ளறைகளின் மொத்தத் தொகையையும், பால்கனி அறை ஒன்றின் மூவர் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றாமவர் சலுகை குறைவான பயணங்களில் வித்தியாசம் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கும். கிடைப்பதோ இரண்டு குளியலறை, நான்கு நிஜக் கட்டில். ஒரே அறைதான் எடுக்கிறீர்கள் என்றால் மாறாக, இடைக்கதவு இல்லாத அறையைக் கேளுங்கள். அந்தக் கதவு வழியே பக்கத்து அறையின் பேச்சு அப்படியே கேட்கும்.

இடம் பற்றிச் சுருக்கமாக: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளங்களில் ஒன்று, ஆட்டம் அங்கே குறைவு. மேலும் கீழும் அறைகளே இருக்கும்படி பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்; முன்முனையின் கீழ்த்தளத்தில் நங்கூரச் சத்தம். கப்பலின் தள வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும் பகுதிகள் பெரும்பாலும் பணியாளர் வேலை செய்யும் இடங்கள், அவற்றை ஒட்டி வேண்டாம். பெரிய கப்பல் 300 மீட்டருக்கு மேல் நீளம்; அம்மாவுக்காக நடு லிஃப்டிலிருந்து சில கதவுகள் தள்ளி எடுங்கள், லிஃப்டுக்கு எதிரே அல்ல. மூவர் கைபேசிக்கும் பிளக் போதாது. அதற்காக மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள நீட்டிப்புப் பலகையைக் கொண்டுபோகாதீர்கள்; கப்பலின் மின்னமைப்பு வீட்டு மின்சாரம் போன்றதல்ல, அது தீப்பிடிக்கக் காரணமாகலாம் என்பதால் பறிமுதல் செய்வார்கள். யு.எஸ்.பி. துளைகள் மட்டும் உள்ள சார்ஜர் போதும்.

ஏஜென்ட் மூலம் பதிவு செய்துவிட்டால் அந்தப் பதிவு அவர் கையில். அறை மாற்ற வேண்டும் என்று நீங்கள் நேரடியாகக் கப்பல் நிறுவனத்தை அழைத்தால், "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்" என்பார்கள். பணம் கட்டியவருக்கே தன் படுக்கையைப் பற்றிக் கேட்க உரிமையில்லாத இந்த ஏற்பாடு எனக்குப் புரிந்ததே இல்லை. நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை, எனவே இன்றைக்கு அந்தத் தடை இல்லை. நிறுவனத்தையே அழைத்து, மூன்று பேர், இரண்டு தனிக் கட்டில், ஒரு சோஃபா, நடுப்பகுதி என்று சொல்லி அறை எண்களைக் கேளுங்கள். அந்த எண்ணை ஏஜென்டிடம் கொடுங்கள். மூன்று பெயரும் அதே எண்ணும் உள்ள உறுதிச்சீட்டை அவர் அனுப்பினால் முன்பணம் கட்டுங்கள்; "அப்புறம் மாற்றித் தருகிறேன்" என்றால் நிறுவனத்திடமே பதிவு செய்துகொள்ளுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா என்பதையும், முழுத் தொகைக்கான கடைசி நாளையும் (பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்) அதே அழைப்பில் கேட்டுக் குறித்துவையுங்கள்.