ரத்தம் போனால் எல்லாம் மூலமா? குடல் அழற்சி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் குடல் அழற்சி நோய் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதற்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வடஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறோம்.

குறிப்பைப் படிக்காதவர்களுக்காக: குடல் அழற்சி நோய், அதாவது ஐ.பி.டி., என்பது இரண்டு வியாதிகளுக்குப் பொதுப்பெயர். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சவ்வில் வருவது. மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும். குரோன் என்ற மற்றது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். விட்டு விட்டு வரும். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புசக்தியே குடலைப் புண்ணாக்குகிறது. ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல், என்று நீங்கள் கேள்விப்படுவது வேறு. அதில் புண்ணும் இல்லை, ரத்தமும் வராது.

எங்கள் சின்ன வயசில் இந்தப் பேரையே கேட்டதில்லை. இப்போது எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு இருக்கிறது. நிஜமாகவே கூடுகிறதா, அல்லது டெஸ்ட் எடுப்பதுதான் கூடிவிட்டதா?
*- காட்பாடி*

இரண்டும்தான். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை.

லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் 51,910 பேரை வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். சந்தேகப்பட்டவர்களைச் சோதித்ததில் 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. லட்சத்துக்கு 44.3 பேர் என்ற கணக்கு. ஓராண்டு கழித்துத் திரும்பப் போனபோது புதிதாக மூன்று பேர், அதாவது லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் ஆறு பேர். 2003-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. இது வெள்ளைக்காரர்களின் வியாதி, நமக்கு அபூர்வம் என்ற பேச்சு அதன் முன் நிற்காது.

வீடு வீடாக ஏன் அலைய வேண்டும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எண்ணினால் போதாதா? மற்ற ஊரில் எப்படியோ, வேலூரில் போதாது. காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகையும் சாப்பாட்டுக் கடைப் பலகையும் வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள். அதை எண்ணி வேலூர்க்காரர்களுக்கு நோய் இரட்டிப்பாகிவிட்டது என்றால், அது கோவிலுக்கு வரும் கூட்டத்தை எண்ணி ஊர் ஜனத்தொகை சொல்வது போல.

உண்மையான ஏற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ஏரியே போதும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நோய் வருபவர்கள் நீர்வரத்து. ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்கள் ஏரியில் நிற்கும் தண்ணீர். இளவயதில் வருகிற நோய். முழுசாகக் குணமாவதில்லை, ஆனால் உயிரையும் சீக்கிரம் எடுப்பதில்லை. அதனால் மதகு வழியே வெளியேறுவது சொற்பம். நீர்வரத்து கூடாவிட்டாலும் ஏரி ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேற்கு நாடுகளில் இன்று நடப்பது இதுதான். அங்கே 1990-க்குப் பிறகு பல இடங்களில் புதிய நோயாளிகள் வருவது நிலைத்துவிட்டது, சில இடங்களில் குறையவும் செய்கிறது. ஆனாலும் மொத்த எண்ணிக்கை ஆயிரத்தில் மூன்று பேரைத் தாண்டிவிட்டது. கனடா நூற்றில் ஒருவரை நெருங்குகிறது. இந்தியா இதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. இங்கே இப்போதுதான் நீர்வரத்தே கூடுகிறது. எந்த நாட்டிலும் பெரும்பாலும் முதலில் கொலைட்டிஸ் தலைகாட்டும், சில ஆண்டுகள் பின்தங்கிக் குரோன் வரும். நம் நாட்டுக்குள் பார்த்தால் வடக்கைவிடத் தெற்கில் குரோனின் பங்கு அதிகம்.

சின்ன வயசில் கேட்டதில்லை என்கிறீர்கள். அப்போது இந்த மாவட்டத்தின் கவலையே வேறு. 1960 முதல் 1962 வரை வடஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு கொள்ளைநோய் போலப் பரவியது. சி.எம்.சி. மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் ஊர் ஊராகப் போய் அதைப் பதிவு செய்தார்கள். பேதி நிற்காது, சத்து உடம்பில் சேராது, ஆள் உருகிப்போவார். அந்தக் காலத்தில் பேதி என்றதும் கிருமியைத் தேடியது சரிதான். இன்றும் அதே பழக்கத்தில் கிருமியை மட்டுமே தேடினால்தான் சிக்கல்.

மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே பிறந்த பேரனுக்கு இது வர வாய்ப்பு அதிகமா?
*- வேலூர், சத்துவாச்சாரி*

இங்கே வளர்வதைவிட அதிகம்தான். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களிடம் கொலைட்டிஸ் அங்குள்ள வெள்ளையர்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது. கனடாவில் குடியேறிய தெற்காசியர்களின் பிள்ளைகளுக்கும் அந்த நாட்டுப் பிள்ளைகள் அளவுக்கே ஆபத்து இருந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது வளர்ந்த சூழல். ஆனாலும் தனி ஒரு குழந்தைக்கு இது மிகச் சிறிய ஆபத்து. ராத்தூக்கம் கெட வேண்டாம்.

இரண்டு வருஷமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று லேகியம், ஊசி எல்லாம் ஆயிற்று. சீதபேதி மாத்திரை ஐந்தாறு தடவை. நிற்கவில்லை.
*- திருப்பத்தூர்*

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இதேதான்.

மூலத்தில் மலம் கட்டியாகவே இருக்கும். போன பிறகு சிவப்பாகச் சொட்டும், அல்லது மலத்தின் மேலே கோடு போட்டது போலத் தெரியும். கொலைட்டிஸில் ரத்தம் சளியோடு கலந்து வரும். அவசரமாக ஓட வேண்டியிருக்கும். போனால் ஒரு கரண்டி அளவுதான் போகும். எழுந்ததும் இன்னும் பாக்கி இருப்பது போல முக்கல் வரும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டால் அது ஐ.பி.எஸ். அல்ல, மூலமும் அல்ல. இந்த ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்.

நான்கு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் செய்ய வேண்டியவை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பாருங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியில் ஏறும் புரதத்தைப் பாருங்கள்: 50-க்குக் கீழே இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, 250-க்கு மேலே இருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும், நடுவில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும் இந்த எண் ஏறும். அமீபா பார்க்க மலம் கொடுத்தால் சூடு ஆறுவதற்குள் லேபுக்குப் போக வேண்டும். காலையில் வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோனால், உயிரோடு நகரும் அமீபா கண்ணில் படாது. அதன் கூடு மட்டும் தெரிந்ததை வைத்து வருஷக்கணக்கில் மெட்ரோனிடசோல் என்ற சீதபேதி மாத்திரையை விழுங்கியவர்கள் நிறைய.

அடுத்தது சிக்மாய்டோஸ்கோபி, அதாவது கேமராக் குழாயால் பெருங்குடலின் கடைசிப் பகுதியைப் பார்ப்பது. கொலைட்டிஸ் மலக்குடலிலேயே தொடங்குவதால், மயக்க மருந்து இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும் இந்தச் சோதனையிலேயே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பார்க்காமல் மூலத்துக்குக் கத்தி வைத்துவிடாதீர்கள். உள்ளே அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது வெட்டிய இடம் ஆறாது. குரோனாக இருந்தால் அங்கேயே பவுத்திரம் வைத்துவிடும்.

ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தமாகப் போய், கூடவே நாடி நிமிஷத்துக்கு 90-க்கு மேல் இருந்தாலோ, காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினாலோ, வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே அட்மிட் ஆக வேண்டும். அந்த நேரத்தில் பேதியை நிறுத்த லோபெராமைடு போடுவது ஆபத்து. பெருங்குடல் பலூன் போல ஊதிக்கொள்ளும்.

மகனுக்கு 22 வயது. குடலில் டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது குரோன் என்கிறார்கள். யார் தப்பு?
*- ஆம்பூர்*

தப்பு யார் மீதும் இல்லாமலே இப்படி நடக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே மூலையில்தான் இரண்டும் உட்காரும். வயிற்றுவலி, எடை குறைவு, ரத்தசோகை எல்லாம் ஒன்றே. மைக்ராஸ்கோப்பில் தெரியும் கிரானுலோமா என்ற முடிச்சும் இரண்டிலும் உண்டு. டி.பி. அபூர்வமாக இருக்கும் நாடுகளின் மருத்துவர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. நமக்கு டி.பி. ஓயாமல் இருக்கும்போதே குரோன் கூடுகிறது.

எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் அடையாளங்கள் சில உண்டு. மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, வயிற்றில் நீர், குறுக்காக ஓடும் புண், சி.டி.யில் நடுவே அழுகிய நெறிக்கட்டி இருந்தால் டி.பி. பக்கம். வருஷக்கணக்கான தொல்லை, வாய்ப்புண், ஆசனவாயில் பவுத்திரம், நீளவாக்கில் ஓடும் புண், இடையிடையே நல்ல குடல் இருந்தால் குரோன் பக்கம்.

கொலோனோஸ்கோபியில், அதாவது பெருங்குடல் முழுவதையும் கேமராக் குழாயால் பார்க்கும் சோதனையில், சதை எடுக்கும்போது கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டியது ஒன்று: துண்டுகள் இரண்டு பாட்டிலில் போகின்றனவா? பயாப்ஸிக்குப் போவது ஃபார்மலினில், டி.பி. கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போவது சாதாரண சலைனில். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்பதால் டி.பி. இல்லை என்றும் ஆகாது. குடலில் கிருமி சொற்பம்.

தீர்மானிக்க முடியாதபோது டி.பி. மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது இங்கே ஒப்புக்கொண்ட முறை. அங்கேதான் ஒரு கண்ணி. "வலி குறைந்திருக்கிறது, இன்னும் நான்கு மாதம் பார்ப்போம்" என்று நீட்டுவார்கள். குரோன் நோயாளிக்கும் தற்காலிகமாக வலி குறையலாம். அதனால் அறிகுறியை நம்பாமல், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி.பி.யாக இருந்தால் அதற்குள் நன்றாக ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லை என்றால், மருந்துக்கு அடங்காத டி.பி. இல்லை என்று பார்த்துவிட்டுக் குரோன் சிகிச்சைக்கு மாற வேண்டும். ஒவ்வொரு மாத தாமதத்திலும் குடல் சுருங்கி அடைப்புக்கு வழி வைக்கும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம்: டி.பி.யைக் குரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் முதலில் சுகம் தெரியும், பிறகு கிருமி பரவும்.

இனி மகனுக்கு எதிர்ப்புசக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடாலிமுமாப் ஊசி பேச்சு வந்தால், அதற்கு முன்பு மார்பு எக்ஸ்ரே, உறங்கும் டி.பி.க்கான சோதனை, ஹெபடைட்டிஸ் பி சோதனை மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவு பாலாற்றில் கலந்ததுதான் காரணமா?
*- ராணிப்பேட்டை*

பாலாற்றுக்கு நேர்ந்தது அநியாயம்தான், அதற்குச் சண்டை போட ஆயிரம் காரணம் இருக்கிறது. இந்த நோயை அதோடு கட்டிவிட ஆதாரம் இல்லை. தோல் ஷாப்பே பார்க்காத ஊர்களிலும் இது இதேபோல ஏறுகிறது.

எதைச் சாப்பிடக் கூடாது? ராகிக் களியும் காரமும் விட வேண்டுமா?
*- ஆற்காடு*

மிளகாய் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. பாக்கெட்டில் அடைத்து நாள்கணக்கில் கெடாமல் இருக்கும் பண்டங்களை நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் குரோன் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சின்ன வயதில் அடிக்கடி ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடமும் அப்படியே. வாரம் ஒரு நாள் பிரியாணி சாப்பிடுகிறவர்மேல் பழி போட வேண்டியதில்லை.

நோய் அடங்கியிருக்கும்போது களி, கூழ், முள்ளு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு எல்லாம் உண்டு. நோய் கிளம்பியிருக்கும் வாரங்களில் இட்லி, குழைந்த சாதம், மோர், முட்டை, வேகவைத்துத் தோல் நீக்கிய காய். குடல் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் சொன்னவர்கள் மட்டும் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ, கீரைத்தண்டு, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல் இவற்றை விட வேண்டும். அவை சுருங்கிய இடத்தில் சிக்கி அடைத்துக்கொள்ளும். பத்தியம் என்று பட்டினி கிடந்து எடையை இழப்பவர்களுக்குத்தான் மருந்தும் சரியாக வேலை செய்வதில்லை.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டால் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் கலந்த மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள். அந்த வகை வலி மாத்திரை நோயைக் கிளப்பிவிடலாம். வெறும் பாராசிட்டமால் என்று கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை போதாதா, ஏன் ராத்திரியில் சப்போசிட்டரி, எனிமா? தங்குவதே இல்லை.
*- வாணியம்பாடி*

கொலைட்டிஸுக்கான மெசலமைன் மருந்தை வாய்வழி எடுத்தால் குடலின் கடைசி ஒரு சாணுக்குப் போதுமான அளவில் போய்ச் சேராது. நோயோ அங்கேதான் கடுமையாக இருக்கும். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையான சப்போசிட்டரி மலக்குடலுக்கு, திரவமாக உள்ளே விடும் எனிமா பெருங்குடலின் இடப்பக்கம் முழுவதற்கும். இரண்டு வழியும் சேர்ந்தால் ஒன்றைவிட நன்றாகக் கேட்கும்.

எனிமா: படுக்கப் போகும் முன் வெளிக்குப் போய்விட்டு வாருங்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் வைத்து நன்றாகக் குலுக்குங்கள். பலருக்குத் தங்காததற்குக் காரணம் மருந்து சில்லென்று இருப்பதுதான். குடல் உடனே சுருங்கித் தள்ளிவிடும். இடப்பக்கம் ஒருக்களித்து, இடக்காலை நீட்டி, வலது முழங்காலை மார்புப் பக்கம் மடக்குங்கள். நுனியில் ஜெல்லி தடவி, தொப்புளை நோக்கிய சாய்வில் நுழைத்து, ஒரே அமுக்காக அமுக்காமல் மெதுவாக விடுங்கள். அரைமணி அப்படியே படுத்திருங்கள். பழைய துணியோ துண்டோ விரித்துக்கொள்ளுங்கள், மருந்து பட்ட இடத்தில் பழுப்புக் கறை போகாது. அப்படியும் தங்கவில்லை என்றால் இரண்டு வாரம் சப்போசிட்டரியில் மலக்குடலை ஆற்றிவிட்டு எனிமாவுக்கு மாறலாம். நம் ஊர் மே மாத வெயிலில் சப்போசிட்டரி உருகி வடிவம் போய்விடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம்.

ரத்தம் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். மறுபடி கிளம்புவதற்கு அதுவே முதல் காரணம். ஸ்டீராய்டுக்கு இது பொருந்தாது: பிரெட்னிசோலோன் வழக்கமாக 40 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 5 குறைத்து முடிக்க வேண்டிய மருந்து. சட்டென்று நிறுத்தவும் கூடாது, பழைய சீட்டைக் காட்டி வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டவும் கூடாது. 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முடியவில்லை என்றால் எதிர்ப்புசக்தியை அடக்கும் அசதயோபிரின் மாத்திரைக்கோ ஊசிக்கோ போக வேண்டிய நேரம். அசதயோபிரின் தொடங்கியவர்கள் இரண்டாவது வாரமே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். நம்மவர்களில் சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாத மரபணு உண்டு. வெள்ளணு அடியோடு இறங்கிவிடும்.

முப்பது வருஷ பீடியை விட்டேன். ஆறே மாதத்தில் கொலைட்டிஸ். திரும்பப் பிடித்தால் அடங்குமா?
*- குடியாத்தம்*

நீங்கள் கவனித்தது சரி. புகைப்பவர்களுக்குக் கொலைட்டிஸ் குறைவு, விட்டவர்களுக்குக் கூடுதல். குரோனில் இது தலைகீழ். புகை அதை மோசமாக்கும், ஆபரேஷன் வரை கொண்டுபோகும். ஆனால் கொலைட்டிஸுக்கு மெசலமைன் இருக்கிறது, முப்பது வருஷம் பீடி பார்த்த நுரையீரலுக்கும் இதயத்துக்கும் மாற்று கிடையாது. விட்டதை விட்டதாகவே வைத்து, மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.