கல்லைப் படித்தால் வேலை கிடைக்குமா?

"கல்லைப் பற்றிப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகப் போகிறாள்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நிலவியலில் உங்கள் மகள் எதைப் படிக்கப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கற்களின் பெயரை மனப்பாடம் செய்யும் படிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் பல பெற்றோர் பயப்படுகிறார்கள்.

அவள் சேர்த்து வைத்திருக்கும் கற்களில் கிரானைட் துண்டு ஏதாவது இருந்தால் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ஸ்பார், கண்ணாடி போல குவார்ட்ஸ், மினுங்கும் கறுப்புப் புள்ளிகளாக மைக்கா என்று மூன்று கனிமங்களும் தனித்தனியாகத் தெரியும். பாறைக்குழம்பு பூமிக்கு அடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், மிக மெதுவாக ஆறினால்தான் படிகங்கள் இந்த அளவுக்கு வளரும். எரிமலையிலிருந்து வழிந்து சீக்கிரமே இறுகிப்போன பசால்ட்டில் பெரும்பாலும் அவற்றை வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்கவே முடியாது.

சரி, அவ்வளவு ஆழத்தில் உருவான கல் மேலே எப்படி வந்தது? நிலம் உயர்ந்து, மேலே மூடியிருந்த பாறை முழுவதும் அரித்துப் போயிருக்க வேண்டும். அப்படி அரித்த மணல் எங்கே? ஏதோ ஒரு கடலடியிலோ ஆற்றுப்படுகையிலோ படிந்து மணற்கல் ஆகியிருக்கும். அது மறுபடி புதைந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கினால் குவார்ட்சைட். சுண்ணாம்புக்கல் அப்படிச் சிக்கினால் பளிங்கு. கையில் இருக்கும் ஒரு துண்டிலிருந்து இப்படிப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவதைத்தான் அவள் கற்கப் போகிறாள்.

1788ல் ஜேம்ஸ் ஹட்டன் என்ற நிலவியலாளர் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட் கடற்கரையில் செய்ததும் இதைத்தான். அங்கே கீழ் அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் சிவப்பு மணற்கல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. கீழே உள்ளவை கிடையாகப் படிந்து, கல்லாகி, மடங்கி நிமிர்ந்து, தேய்ந்து, அப்புறம்தான் மேலே புது மணல் படிந்திருக்க முடியும். பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று பலரும் நம்பிய காலம் அது. அந்தச் சில ஆயிரம் ஆண்டுக்குள் இத்தனையும் நடந்து முடிந்திருக்காது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவில் சுமார் 6.5 கோடி ஆண்டு இடைவெளி என்று இன்று கணக்கிட்டிருக்கிறார்கள். யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்து, ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த, சிர்கான் என்ற கனிமத்தின் ஒரு படிகத்துக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டு என்றும் கண்டிருக்கிறார்கள். அது கிடைத்த பாறையின் வயதோ சுமார் 300 கோடிதான். பிறந்த பாறை அழிந்த பிறகும் அந்தப் பொடிப் படிகம் தப்பி, இன்னொரு பாறைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைக் கேட்டு உங்கள் மகளின் கண் விரிந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பீர்கள். இத்தாலியின் வயோன்ட் அணையைப் பாருங்கள். 1963 அக்டோபரில் பக்கத்து மலைச்சரிவு நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிப் போய்க் கீழே இருந்த ஊர்களை அழித்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை, கட்டுமானம் உறுதியாகத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே கிடந்த மெல்லிய களிமண் படலங்களின் மேல் மலை வழுக்கிவிட்டது. அணை, சுரங்கப்பாதை, பாலம் என்று எதைக் கட்டினாலும் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்ல ஒருவர் வேண்டும். நிலத்தடி நீர், தாதுக்கள், நிலச்சரிவு எச்சரிக்கை, புவிவெப்ப மின்சாரம் எல்லாவற்றிலும் இதே ஆட்கள்தான் தேவைப்படுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எண்ணெய், சுரங்கத் தொழில்களில் சந்தை விலை இறங்கினால் ஆள் எடுப்பதும் குறையும். அதனால் முதல் பட்டத்திலேயே ஒரே துறைக்குள் அவள் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம். பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் விடக் கூடாது; இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கல்லூரியில் வரைபட மென்பொருளும் கொஞ்சம் புள்ளியியலும் சேர்ந்துவிட்டால் கதவுகள் கூடும். முதுநிலைப் படிப்புக்கும் இப்போதே மனதளவில் தயாராகுங்கள், நல்ல வேலைகள் பலவும் அதைக் கேட்கின்றன. வெயிலில் மலை ஏறி அலைய வேண்டுமே என்ற கவலையும் இருக்கும். களப்பணி உண்டு, ஆனால் ஆய்வகத்திலும் கணினியிலுமே நாள் முழுக்க வேலை செய்கிற நிலவியலாளர்களும் நிறையப் பேர்.

அவளுக்கு இது பொருந்துமா என்று பார்க்க, அவளிடம் ஒரு கல்லைக் கொடுத்து இது எப்படி இங்கே வந்திருக்கும் என்று கேளுங்கள். பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் இன்னும் சில மாதம் பொறுக்கலாம். ஊகித்து, தன் ஊகத்தைத் தானே சந்தேகிக்க ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். மூன்று விஷயம் கேளுங்கள்: வருடத்தில் எத்தனை நாள் களப்பயணம், மாணவர்கள் தாங்களே நிலவியல் வரைபடம் போடுகிறார்களா, மிக மெல்லியதாக அறுத்துத் தேய்த்த பாறைச் சீவல்களைப் பார்க்கும் நுண்ணோக்கி ஒவ்வொருவர் கைக்கும் கிடைக்கிறதா.