ஆண்டு விழாவுக்கு எவர்சில்வர் டம்ளர்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். எந்த விழா நடந்தாலும் மறுநாள் மைதானம் முழுக்கப் பேப்பர் கப்தான். 500 எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்து, அக்கம்பக்கத்தில் விசேஷம் வைப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சரிப்பட்டு வருமா?

பதில்: வரும். ஆனால் உடனே பாத்திரக்கடைக்குப் போய்விடாதீர்கள். அடுத்த விழாவுக்கு மட்டும் உள்ளூர் சாமியானா கடையில் டம்ளரை வாடகைக்கு எடுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை தேவைப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது, கழுவ எத்தனை கை வேண்டியிருந்தது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கோடு கடைக்குப் போனால் 500 வாங்க மாட்டீர்கள். கழுவிக் கழுவிக் கொடுத்தால் 300 தாராளம்.

கூட்டத்தில் யாராவது “பேப்பர்தானே, மக்கிப்போகும்” என்பார்கள். பேப்பர் கப்பின் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு இருக்கிறது. இல்லையென்றால் காபி ஊறி ஒழுகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் ஒன்று. அதில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் சொன்னார்கள். இதற்கு மேல் அவரிடம் வாதாட வேண்டாம்.

தட்டு இப்போதைக்கு வேண்டாம். சாப்பாடு போட்டால் வாழை இலை இருக்கிறது, மாடு தின்றுவிடும்.

டம்ளர் எடுக்கும்போது விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சுருட்டி மடித்த இடத்தில் இடுக்கு இருந்தால் பால் உள்ளே தங்கிவிடும்; எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் செய்து காட்டுவதை நம்பாதீர்கள். விலை கூடிய 304, மலிவான 202 என்ற ஸ்டீல் ரகங்கள் இரண்டிலுமே பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேயே பள்ளியின் பேரையும் வெட்டி வாங்கிவிடுங்கள். அடுக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் தட்டி நெளிக்க வேண்டாம்: உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வையுங்கள், கழன்று வரும்.

இந்த மாதிரி ஏற்பாடுகள் படுத்துவிடுவது கழுவும் இடத்தில்தான். டம்ளர் வாங்க நன்கொடை கிடைக்கும், கழுவுகிற ஆளுக்குக் கூலி கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் அந்தக் கூலியை விழாச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். சத்துணவுக் கூடத்து அம்மாக்களின் தலையில் கட்டாதீர்கள். பிள்ளைகளையும் கழுவ விடக்கூடாது; அப்படி விட்டால் எந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று அண்டா போதும்: சோப்புத் தண்ணீர், அலசும் தண்ணீர், கடைசியில் கை வைக்க முடியாத சூட்டில் வெந்நீர். வெந்நீரில் துளைக்கூடையோடு அரை நிமிடம் முக்கி எடுத்து, கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் துணியில் இருக்கும் அழுக்கு டம்ளருக்கு வந்துவிடும்.

வெளியில் கொடுக்கும்போது 50 டம்ளர் கொண்ட கூடையாக மட்டும் கொடுங்கள், எண்ணுவது சுலபம். வளைகாப்பு, காதுகுத்து என்றால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், குறைந்த டம்ளருக்கு அதில் பிடித்துக்கொள்ளலாம். துக்க வீட்டுக்கு முன்பணம் கேட்க வேண்டாம், நோட்டில் எழுதி வைத்தால் போதும். சாவியும் நோட்டும் பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைமையாசிரியரைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருந்தால், விசேஷ வீட்டுக்காரர் திரும்பவும் பேப்பர் கப்தான் வாங்குவார்.