இரண்டு பக்கமும் கூரான அம்பு

அன்புள்ள அண்ணா,

ஊர்ப் பாடல்களைத் திரட்டி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றி வருகிறோம். 'பாடும் மீன்' என்று வரும் பாடல்களை எடுக்க இடையில் & போட்டேன். 'மீன் பாடும்' என்று வருபவையும் சேர்ந்து வந்தன. நண்பர் ஒருவர் <-> போடச் சொன்னார், சரியாக வந்தது. & என்றால் 'உம்' என்று புரிகிறது. <-> எதைச் சொல்கிறது? மேற்கோள் குறியே போதாதா?

வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

நல்ல உதாரணம் பிடித்திருக்கிறீர்கள். மட்டக்களப்பில் 'பாடும் மீன்' என்றும் சொல்வோம், 'மீன் பாடும் தேன் நாடு' என்றும் சொல்வோம். & வரிசை பார்க்காது; இரண்டு சொல்லும் எங்காவது இருந்தால் போதும். <-> போட்டால், இடப்பக்கச் சொல்லுக்கு அடுத்த இடத்திலேயே வலப்பக்கச் சொல் நிற்க வேண்டும். 2016இல், 9.6ஆம் பதிப்போடு வந்த வசதி இது.

எனக்கு இந்தக் குறியில் ஒரு மனக்குறை உண்டு. அம்புக்கு இரண்டு முனை. புதிதாகப் பார்ப்பவர், சொற்கள் எப்படி மாறி வந்தாலும் சரி என்றுதான் நினைப்பார். அதே போஸ்ட்கிரெஸில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்துக்கும் <-> தான். கல்லடியிலிருந்து காத்தான்குடி எவ்வளவு தூரமோ, திரும்பி வரவும் அவ்வளவே. அங்கே இரட்டை முனை பொருந்துகிறது, சொல் வரிசைக்குப் பொருந்தவில்லை. ஒற்றை முனை அம்பான -> கண்ணுக்கு நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் ஜேசன் (JSON) என்ற வடிவில் சேமித்த தரவுக்குள் போக அது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அம்புக்குப் பதில் கேள்விக்குறியை வைத்திருக்கலாமே என்றால், அதுவும் சிக்கல்தான். ஜாவா நிரல்களில் அது மதிப்பு வந்து உட்கார வேண்டிய இடம். தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலில் குறியாக வந்தால் ?? என்று இரட்டித்து எழுத வேண்டும்.

அப்படியிருந்தும் நான் <-> பக்கம் நிற்பது, நடுக்கோட்டை எடுத்துவிட்டு எண் போடலாம் என்பதால். <-> என்பதும் <1> என்பதும் ஒன்றே. மீன் <3> நாடு என்று தேடினால் 'மீன் பாடும் தேன் நாடு' கிடைக்கும். மூன்று என்றால் சரியாக மூன்றாவது இடம், மூன்றுக்குள் எங்கேயும் அல்ல. பலர் இதில்தான் தவறுகிறார்கள். மேற்கோள் குறியால் இந்த இடைவெளியைச் சொல்ல முடியாது. வினவலில் அதற்கு வேறு வேலையும் இருக்கிறது, எழுத்துச் சரத்தையே அதுதானே சுற்றி நிற்கிறது.

ஆனால் உங்கள் பாடல்களைத் தேட வரும் பொதுமக்களிடம் <-> கேட்காதீர்கள். அவர்களுக்கு மேற்கோள் குறிதான் பழக்கம். 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. பெயர் வெப்சர்ச் என்று தொடங்கும். மேற்கோளுக்குள் தட்டியதைத் தானே <-> ஆக்கிக்கொள்ளும். தேடல் பெட்டிக்கு அதைப் போடுங்கள். திறந்ததும் எனக்கும் எழுதுங்கள், முதலில் 'பாடும் மீன்' என்றே தேடிப் பார்க்கிறேன்.